பிறவிக் குணம் என்று தீர்ப்பளிக்கலாமா?



நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு. அதற்கு வழக்கும் இல்லை, சாட்சியும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. "அவன் சுபாவமே அப்படி" என்பதுதான் அந்தத் தீர்ப்பு. மூத்தவன் பொறுமைசாலி, இளையவன் பறக்காவெட்டி; மகள் அடக்கமானவள், மருமகள் வாயாடி என்று பெற்ற பிள்ளைக்கும் வந்த பிள்ளைக்கும் பட்டம் சூட்டி முடித்துவிடுகிறோம். வீட்டுத் தலைவரோ தம்முடைய கோபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "என்ன செய்வது? எங்கள் வாப்பாவிடமிருந்து வந்த குணம்" என்று தமக்குத் தாமே விடுதலை வழங்கிக்கொள்கிறார். பிள்ளைக்குத் தண்டனையாகும் சொல்லே தகப்பனாருக்கு மன்னிப்பாகவும் ஆகிவிடுகிறது! இந்த விந்தையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனிதனின் இயல்பு யாது என்னும் வினா மிகப் பழமையானது. எவ்வளவு பழமை என்றால், மனிதன் படைக்கப்படுவதற்கு முன்னரே அது எழுப்பப்பட்டுவிட்டது. பூமியில் தன் பிரதிநிதி ஒருவரை ஏற்படுத்தப் போவதாக அல்லாஹ் அறிவித்தபோது, குழப்பம் செய்து இரத்தம் சிந்தும் ஒருவரையா அங்கே வைக்கப் போகிறாய் என்று வானவர்கள் கேட்டதை அல்பகரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அந்த ஐயம் பொய்யானது என்று இறைவன் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வானவர்கள் அறியாத ஒன்றைத் தான் அறிந்திருப்பதாகவே அவன் கூறினான். அதன் பின்னர் ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்களைக் கற்பித்தான். மனிதனின் தீமையைப் பற்றிய கேள்விக்குப் பின், முதல் நிகழ்ச்சியாகக் கூறப்படுவது கற்பித்தல்!

வானவர்கள் கேட்ட அதே ஐயத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹாப்ஸ் என்பவர் ஒரு தத்துவமாகவே எழுதினார். உள்நாட்டுப் போரின் கொடுமைகள் நிறைந்த காலம் அது. 1651இல் வெளிவந்த அவரது 'லெவயதன்' என்னும் நூல், அடக்கி ஆளும் வலிமை மிக்க அரசு இல்லாவிடில் மனிதர் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வர் என்று வாதிட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து ரூஸோ அதற்கு நேர்மாறாகப் பேசினார். மனிதன் இயற்கையில் நல்லவனே, சமுதாயமே அவனைக் கெடுத்தது என்றார். குழந்தை வளர்ப்பைப் பற்றி 1762இல் 'எமில்' என்னும் பெருநூலையும் எழுதினார். ஆனால் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அவர் அனாதைக் குழந்தைகளின் காப்பகத்தில் சேர்த்துவிட்டார் என்பது அவரே ஒப்புக்கொண்ட செய்தி. குழந்தையின் தூய்மையைப் போற்றிப் பேசுவது எளிது. அதனுடன் ஒரே வீட்டில் வாழ்வது வேறு! இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தவரான ஜான் லாக், மனித உள்ளம் எழுதப்படாத வெற்றுத் தாள் என்றார். சீனத்திலோ கிறிஸ்துவுக்கு முன்னரே மென்சியஸ் மனித இயல்பு நல்லது என்றும், சுன்ட்ஸு அது கெட்டது என்றும் எதிரெதிரே நின்றனர்.

இவர்களிடையே இஸ்லாம் எந்தப் பக்கம் நிற்கிறது? 'அஷ்ஷம்ஸ்' அத்தியாயத்தில் இறைவன் ஆன்மாவின் மீது சத்தியமிட்டு, அதன் தீமையையும் அதன் பயபக்தியையும் அதற்கு உணர்த்தியதாகக் கூறுகிறான். அதைத் தூய்மைப்படுத்தியவர் வெற்றி பெற்றார், அதைப் புதைத்துவிட்டவர் தோல்வியடைந்தார் என்கிறான். மனிதன் பதற்றக்காரனாகப் படைக்கப்பட்டிருக்கிறான், துன்பம் வந்தால் துடிக்கிறான், செல்வம் வந்தால் இறுக்கிக்கொள்கிறான் என்று 'அல்மஆரிஜ்' அத்தியாயம் படம் பிடிக்கிறது. உடனேயே தொழுகையாளிகளுக்கு விலக்கும் அளிக்கிறது. தீமைக்குத் தூண்டும் நஃப்ஸ், தன்னையே நிந்தித்துக்கொள்ளும் நஃப்ஸ், அமைதியடைந்த நஃப்ஸ் என மூன்று நிலைகள் திருமறையில் வெவ்வேறு இடங்களில் வருகின்றன. அவை மூன்று வகை மனிதர்கள் அல்லர். ஒரே மனிதர் காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் இருக்கக்கூடும். சுப்ஹு தொழுதுவிட்டு வந்தவர் கடையைத் திறந்ததும் எப்படி மாறிவிடுகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விரிவுரை தேவையில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனிமேல்தான் வருகிறது. ஒவ்வொரு குழந்தையும் 'ஃபித்ரத்' என்னும் இயற்கைத் தூய்மையிலேயே பிறக்கிறது என்னும் நபிமொழியை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் அதன் முற்பகுதியைக் கேட்டு மகிழ்ந்து, பிற்பகுதியைப் பிற சமயத்தாருக்கு உரியதென்று கடந்துவிடுகிறோம். பிற்பகுதியில் பேசப்படுபவர்கள் பெற்றோர்கள். குழந்தையை இன்னதாக ஆக்குபவர்கள் அவர்களே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அத்துடன் ஓர் உவமையும் தந்தார்கள்: கால்நடை முழுமையான குட்டியையே ஈனுகிறது, அதன் காதை அறுப்பவர்கள் மனிதர்களே. பெருமானார் (ஸல்) அவர்கள் மனித இயல்பைப் பற்றிப் பேசிய அந்த இடத்தில், பெரியவர்களின் கையில் உள்ள கத்தியைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

அப்படியானால் பிறவிக் குணமே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அப்துல் கைஸ் கூட்டத்தாருடன் வந்த அஷஜ் (ரலி) அவர்களிடம், அல்லாஹ் விரும்பும் இரு குணங்கள் உம்மிடம் இருக்கின்றன, அவை சகிப்பும் நிதானமும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அஷஜ் (ரலி) அவர்களோ, இவை நானே பழகிக்கொண்டவையா, அல்லது அல்லாஹ் என்னை இப்படியே படைத்தானா என்று வினவினார்கள். அல்லாஹ்வே அவ்வாறு படைத்தான் என்று விடை கிடைத்தது. அபூதாவூதில் காணப்படும் இந்த உரையாடலை மனோதத்துவம் பயில்வோர் அவசியம் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இயற்கையா, பழக்கமா என்று இன்று பல்கலைக்கழகங்களில் கேட்கப்படும் கேள்வியை அந்த நபித்தோழர் மதீனாவில் நேரடியாகவே கேட்டுவிட்டார்!

இன்றைய ஆராய்ச்சியும் இதை மறுக்கவில்லை. இரட்டையர்களை ஒப்பிட்டு ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2015இல் ஒரு பெரும் கணக்கீடு வெளியிடப்பட்டது. மனிதரிடையே காணப்படும் வேறுபாடுகளில் சராசரியாக 49 விழுக்காடு மரபுவழியைச் சார்ந்தது என்று அது கூறிற்று. தனி மனிதர் ஒருவரின் குணத்தில் பாதி இரத்தத்தில் வந்தது என்று இதற்குப் பொருள் அன்று. மக்கள் தொகுதியில் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. அந்தக் கணக்கின்படியும் ஏறக்குறைய மறு பாதி எஞ்சி நிற்கிறது.

ஹிஜ்ரி 505இல், அதாவது 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் இந்த வழக்கை எடுத்து விசாரித்திருக்கிறார்கள். குட்டையானவன் தன்னை நெட்டையாக்கிக்கொள்ள முடியாதது போலக் குணத்தையும் மாற்ற முடியாது என்று வாதிட்டவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். குணம் மாறாதென்றால் உபதேசமும் எச்சரிக்கையும் வீணாகிவிடுமே, காட்டுப் பறவையாகிய வல்லூறு கூடப் பழக்கினால் மனிதனுடன் இணங்கி விடுகிறதே என்று இமாம் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பேரீச்சங்கொட்டை ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். அது பேரீச்ச மரம் அன்று. ஆப்பிள் மரமும் அன்று. பேணி வளர்த்தால் பேரீச்ச மரமாகும். எவ்வளவு பேணினாலும் ஆப்பிள் மரம் ஆகாது. அஷஜ் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விடையும், பெற்றோர் பற்றிய நபிமொழியும் இந்த ஒரு கொட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. கோபத்தை வேரோடு பிடுங்கும்படி மார்க்கம் கேட்கவில்லை என்பதையும் அவர்கள் விளக்கினார்கள். ஆலு இம்ரான் அத்தியாயம் கோபத்தை விழுங்குபவர்களைத்தான் புகழ்கிறது. கோபமே இல்லாதவர்களை அன்று. கோபம் வருகிறது என்பது சாக்காகாது. விழுங்கச் சொல்லித்தான் கட்டளை.

இனி, மேலைநாட்டு மனோதத்துவ ஆய்வு ஒன்றின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது நம் வீட்டுக் கூடத்தில் வந்து முடியும் கதை.

1950களில் வால்டர் மிஷல் என்னும் இளம் ஆய்வாளர் மேற்கிந்தியத் தீவான டிரினிடாடுக்குச் சென்றிருந்தார். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரும், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியர்களின் வம்சாவளியினரும் அருகருகே வாழ்ந்தனர். கைக்கு வந்ததை அன்றே தீர்த்துவிடும் இயல்பினர் என்று இவர்கள் அவர்களைப் பழித்தனர். சேர்த்துப் பூட்டி வைத்து வாழத் தெரியாத இயல்பினர் என்று அவர்கள் இவர்களைப் பழித்தனர். மிஷல் இரு சாரார் குழந்தைகளிடமும், சிறிய மிட்டாய் இப்போதே வேண்டுமா, பெரிய மிட்டாய் ஒரு வாரம் கழித்து வேண்டுமா என்று கேட்டார். முதல் பார்வைக்கு இனத்துக்கு இனம் வேறுபாடு இருந்தது. ஆனால் வீட்டு நிலைமையைச் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்று வெளிப்பட்டது. தந்தை வீட்டில் இல்லாத குழந்தைகளே பெரும்பாலும் சிறியதை உடனே பெற்றுக்கொண்டன. 1958இல் இம்முடிவு அச்சாயிற்று. பெரியவர் சொன்னால் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை அந்தக் குழந்தைகளிடம் குறைவாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

பின்னர் அதே மிஷல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் நடத்திய சோதனைதான் உலகப் புகழ் பெற்றது. நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் 'மார்ஷ்மெல்லோ' என்னும் பஞ்சு போன்ற மிட்டாயை வைத்து, நான் திரும்பி வரும் வரை தின்னாதிருந்தால் இன்னொன்றும் தருவேன் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போய்விடுவார். (அந்த மிட்டாயில் சேரும் ஜெலட்டின் ஹலாலா என்பது தனிக் கேள்வி, நாம் கடலை மிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம்.) பொறுத்திருந்த குழந்தைகள் வளர்ந்தபின் தேர்வுகளிலும் சிறந்தனர் என்று 1990இல் செய்தி வந்ததும், உலகம் அதைப் பற்றிக்கொண்டது. பொறுமை பிறவியிலேயே அமைந்த குணம், நான்கு வயதில் அதை அளந்து எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்று பலரும் பேசினர். மிஷல் தாமே அவ்வளவு தூரம் போகவில்லை. பொறுமையைக் கற்பிக்க முடியும் என்றுதான் அவர் கூறிவந்தார். ஆனால் தீர்ப்பை விரும்பும் உலகம் விளக்கத்தைக் கேட்பதில்லை. 2018இல் 900க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய விவரங்களைக் கொண்டு இதை மீண்டும் சோதித்தபோது, குடும்பத்தின் நிலைமையைக் கணக்கில் எடுத்தவுடன் அந்தத் தொடர்பு பெருமளவு மங்கிப் போயிற்று.

இவற்றுக்கு நடுவில், செலஸ்ட் கிட் என்னும் பெண்மணிக்கு ஓர் ஐயம் எழுந்தது. வீடிழந்த குடும்பங்கள் தங்கும் விடுதி ஒன்றில் தொண்டு செய்தவர் அவர். எது கையில் இருந்தாலும் அடுத்த நொடி பறிபோகக்கூடிய அந்த இடத்தில் வளரும் குழந்தை, மிட்டாயை உடனே தின்பதுதானே அறிவுடைமை என்று அவர் எண்ணினார். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை இரு பிரிவாக்கினார். முதலில் எல்லாருக்கும் தேய்ந்துபோன வண்ணக்கோல்களைக் கொடுத்து, சற்றுப் பொறுத்தால் இதைவிட நல்லவை கொண்டு வருகிறேன் என்று ஆய்வாளர் சொன்னார். ஒரு பிரிவுக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார். மறு பிரிவிடம் வெறுங்கையுடன் திரும்பி, இல்லை, மன்னித்துக்கொள் என்றார். ஒட்டுப்படங்களை வைத்து இன்னொரு முறையும் இவ்வாறே நடந்தது. அதற்குப் பின்னரே மிட்டாய் வந்தது.

சொல் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்ட 14 பேரில் காத்திருந்தது ஒரே ஒரு குழந்தை. முதல் பிரிவு சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தது. இரண்டாம் பிரிவு மூன்று நிமிடம். 2013இல் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். 28 குழந்தைகளை வைத்து மனித குலத்தை அளந்துவிடக் கூடாது. ஆனாலும் எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தைகள் எந்தப் பிரிவில் சேர்ந்தன என்பது அவற்றின் குணத்தைப் பார்த்து முடிவு செய்யப்பட்டதன்று. சில நிமிடங்களில், இரண்டே இரண்டு பொய்த்துப்போன வாக்குகளால், பொறுமையற்ற ஒரு கூட்டம் உண்டாக்கப்பட்டது. இவற்றின் 'சுபாவம்' எங்கே இருந்தது? குழந்தையினுள்ளா, ஆய்வாளரின் வெறுங்கையிலா?

இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு நினைவு வந்தது ஒரு நபிமொழி. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாயார் மகனை அழைத்தார்: வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று. எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே! ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டுவிட்டு, என்ன கொடுக்க நினைத்தீர் என்று வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. விளையாடும் பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் சொல்லுக்கும் கணக்கு உண்டு என்றால், நம்மில் எத்தனை பேருடைய ஏடு தாங்கும்? ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லி மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். கடைத்தெருவில் அழும் பிள்ளையிடம் நாளைக்கு என்கிறோம். பிறகு அதே பிள்ளை, நோன்பு திறக்கும் வேளையில் பாங்கு ஒலிக்கும் முன்பே வடைக்குக் கை நீட்டினால், இதற்குப் பொறுமையே கிடையாது என்கிறோம்.

இதைச் சொல்லும்போது மறுபக்கம் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாம் பெற்றோர் செய்த வினை என்றால், வளர்ந்த பிள்ளைகள் ஐம்பது வயதிலும் தகப்பனார் மீது பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். திருமறை அதற்கும் இடம் தரவில்லை. ஆஸரின் வீட்டிலிருந்து, சிலைகளின் நடுவிலிருந்து இப்ராஹீம் (அலை) அவர்கள் வெளிவந்தார்கள். நபியாகிய நூஹ் (அலை) அவர்களின் மகனோ, தகப்பனார் கூவி அழைத்தும் கப்பலில் ஏறவில்லை. தங்களால் ஆனதை எல்லாம் செய்தும் பிள்ளை வழி தவறிவிட்டதே என்று கண்ணீர் விடும் பெற்றோரிடம் போய், நீங்கள் ஆக்கியது என்று குத்திக்காட்ட இந்த ஹதீஸை எடுப்பவர்கள் நூஹ் (அலை) அவர்களை நினைத்துக்கொள்ளட்டும். என் பேச்சு அத்தகையவர்களைப் பற்றியதன்று. செய்ய வேண்டியதைச் செய்யாமலே, குறையைக் குழந்தையின் பிறவியில் தேடும் நம்மைப் பற்றியது.

நம்மை என்று சொன்னது மரியாதைக்காக அன்று. என் இளைய மகனுக்கு ஆறு வயதிருக்கும் காலம் அது. நான் அப்போது மாதத்தில் பாதி நாள் வியாபாரத்துக்காக வெளியூரில் கழித்து வந்தேன். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் காலைக் கட்டிக்கொண்டு அழுவான். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் பிடியை விடுவித்துக்கொள்வேன். ரயில் வரவே இல்லை. வேண்டுமென்று ஏமாற்றவில்லை, திரும்பும் அவசரத்தில் மறந்துவிடும். அந்த வருடம் எங்கள் வீட்டு மௌலிதில் நார்சா பங்கிட்டபோது, அவன் தன் பங்கை வாயில் திணித்துக்கொண்டே இன்னொரு கைப்பிடியைச் சட்டைப் பையில் அடைத்தான். "இது பிறவியிலேயே ஆலாய்ப் பறக்கிற பிள்ளை" என்றார்கள் என் ராத்தா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆமாம், அவன் சுபாவம் அப்படி என்று தீர்ப்பும் வழங்கினேன். பல வருடங்கள் அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ரோசெஸ்டர் ஆய்வைப் படித்தபின் அவனிடம் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பான் என்றே நினைத்தேன். "கையில் வந்தால்தான் நிஜம் என்று அப்போதே எனக்குத் தெரியும் வாப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை.

நம் சமுதாயத்தில் சபுர் போனவர்களின் வீடுகள் ஏராளம். முன்பு பர்மா, மலேயா; பின்பு வளைகுடா. டிரினிடாடில் மிஷல் கண்டதைப் படித்துவிட்டுத் தந்தை ஊரில் இல்லாத பிள்ளைகள் எல்லாம் கெட்டுவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது மற்றொரு தீர்ப்பாகிவிடும். தூரத்தில் இருந்துகொண்டே சொல்லைக் காப்பாற்றியவர்களும் உண்டு; பக்கத்து அறையில் இருந்துகொண்டே காப்பாற்றாதவர்களும் உண்டு. என் மகனும் இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். அவனுடைய மகள் ஊரில் எங்களோடு வளர்கிறாள். பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது அவள் எதையாவது கேட்டால், "பார்க்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அப்போதெல்லாம் எனக்கு மனம் கேட்காது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். சென்ற விடுமுறைக்கு முன்னர் ஒரு நாள் அவனே அவளை அழைத்தான். வண்ணப்பெட்டி ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினான். வாங்கி, விலையும் கொடுத்து, ஊருக்கு வரும் பெட்டியில் அதற்கு இடமும் ஒதுக்கிவிட்ட பிறகுதான், "உனக்குக் கொண்டு வருகிறேன்" என்று மகளிடம் சொன்னான்.